கடமை தவறாதவள்

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் மூடி உடைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய தகரம் ஒன்றைச் சார்த்தி, காற்றில் பறக்காமலிருக்க மேலே இரண்டு செங்கல் வைத்திருந்தோம். கொசுப்புழு பார்க்க வரும் அக்கா ஒரு நாள் அந்தத் தகரத்தை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், கொஞ்சம் மேல வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. தொட்டியின் அடியில் படிந்திருந்த மணல்கூடத் தெரிந்தது. மேலே உமித் துணுக்குகள் மிதப்பதுபோல் சின்னச் சின்னக் கோடுகள் படுத்துக் கிடந்தன. நீளக் கைப்பிடி போட்ட கரண்டியால் அந்த அக்கா மொண்டு, வெள்ளைத் தட்டில் ஊற்றினார். கோடுகளுக்கு உயிர் வந்தது. வெடுக்கென்று பின்பக்கமாகவே நகர்ந்து தட்டின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டன.

"தலைகீழாத் தொங்கினா அது வேற கொசு சார். இப்படித் தண்ணியோட தண்ணியா படுத்துக் கெடந்தா மலேரியாக் கொசு."

அன்றைக்குத்தான் உன்னை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தேன். புத்தகத்தில் உன் பெயர் அனாபிலஸ் ஸ்டீபென்சை. நகரத்து மலேரியாவை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள் நீ. உன்னைப் புகழ்ந்து எழுத எனக்கு நிறைய இருக்கிறது. முகத்துதி எதுவும் இல்லை. சொல்வது அத்தனையும் கண்டும் படித்தும் தெரிந்துகொண்டவை.

முதலில் உன் சுத்தம். உன்னைச் சாக்கடையில் பிறந்தவள் என்று ஊரே ஏசுகிறது. அபாண்டமான பழி அது. சாக்கடைப் பக்கம் உனக்கு வேலையே இல்லை. கிணறு, மேல்நிலைத் தொட்டி, தரைக்கடித் தொட்டி, கட்டடம் கட்டுகிற இடத்தில் சிமெண்டு நனைக்கத் தேக்கிய நீர் என்று, மனிதர்கள் தங்களுக்காகச் சேர்த்து வைத்த நல்ல தண்ணீராகப் பார்த்துத்தான் முட்டையிடுகிறாய். ஒவ்வொரு முட்டைக்கும் இருபுறமும் காற்றுப் பை வைத்துத் தோணிபோல் மிதக்க விடுகிறாய். பிள்ளைகளுக்கு எந்தத் தண்ணீர் ஆகும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பல் துலக்குகிற தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்து இரண்டு வருஷம் ஆனது எனக்குத் தெரிந்தும் உறைக்கவில்லை. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அன்றைக்கே மாநகராட்சிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிற ஆள்தான் நான். அன்றுவரை தொட்டியைப் பார்க்க ஒரு தடவைகூட ஏணியில் ஏறியதில்லை.

உன் நேரக் கணக்கும் பிசகாதது. நம் ஊர் வெயிலில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்துப் பறக்க எட்டிலிருந்து பத்து நாள் ஆகும். வாரத்தில் ஒரு நாள் தொட்டியை வடித்துத் தேய்த்துக் காய விட்டாலோ, கொசு நுழையாதபடி மூடியை இறுக்கிப் போட்டாலோ உன் வம்சம் அங்கேயே அறுந்துபோகும். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம். நீ உன் பத்து நாளை ஒருபோதும் தவறவிட்டதில்லை. நாங்கள் எங்கள் ஒரு நாளைத் தவறவிடாமல் இருந்ததில்லை. கொசு வளரும்படி தண்ணீரைத் தேக்கி வைக்கக் கூடாது என்று 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். சட்டத்துக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

சாயங்காலத்தில் புகை அடிக்கும் இயந்திரம் தெருவுக்குள் வரும். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். வெள்ளைப் புகை மூட்டம் கலைவதற்குள், நம் தெருவுக்கும் வந்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பறந்துகொண்டிருக்கும் கொசுக்களில் சில அதில் சாகும். தொட்டிக்குள் படுத்திருக்கும் உன் பிள்ளைகள் மேல் அந்தப் புகையில் ஒரு துளியும் படாது. கண்ணுக்குத் தெரிகிற வேலையை நாங்கள் செய்கிறோம். நீ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்கிறாய். இதில் யார் வேலை பலன் தருகிறது என்பதை என் தம்பியைக் கேட்டால் சொல்வான்.

காய்ச்சல் வந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை பதினோரு மணி வாக்கில் குளிர ஆரம்பிக்கும். இரண்டு கம்பளி, அதன் மேல் ஜமுக்காளம், அதற்கும் மேலே அம்மா சாய்ந்து அமுக்கிப் பிடித்தும் கட்டில் ஆடியது. பல் கிட்டித்துப் பேச்சு வராது. ஒரு மணி நேரம் கழித்து உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். பிறகு வியர்த்துக் கொட்டித் தலையணை நனையும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வேலைக்குப் போவான். "பார், சரியாப் போச்சு" என்பான். அடுத்த நாள் பதினோரு மணிக்கு மறுபடியும் கட்டில் ஆடும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் இதற்கு முறைக்காய்ச்சல் என்று எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்த கிருமி நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பெருகி, அணுக்களை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற கணக்கு அது.

ஆறு நாள் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கித் தந்தோம். காய்ச்சல் மாத்திரை, கூடவே ஆன்டிபயாடிக். ரத்தம் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழாம் நாள்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். விரல் நுனியில் குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டைத் தடவி எடுத்தார்கள். காசு கிடையாது. முடிவு அன்றைக்கே வந்துவிட்டது. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி.

அந்த ஆறு நாளும் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். சாயங்காலம் இருட்டியதிலிருந்து விடியும்வரை உன் வேலை நேரம். தம்பி வலையில்லாமல் படுத்திருந்தான். அவன் ரத்தத்தோடு கிருமியையும் உறிஞ்சிக்கொண்டு போன உன் இனத்தார் எத்தனை பேரோ! உள்ளே போன கிருமி உன் வயிற்றில் வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்து சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். உன் ஆயுளே சில வாரம்தான். அந்தச் சில வாரத்துக்குள் இத்தனை நாள் ஒரு நோயைச் சுமந்து, அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் பத்திரமாகச் சேர்க்கிறாய். உன் பொறுப்புணர்ச்சியில் கால்வாசி எங்களுக்கு இருந்திருந்தால் முதல் நாள் காய்ச்சலிலேயே அவனை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருப்போம். இரவில் ஒரு வலையாவது கட்டியிருப்போம்.

மருத்துவர் தெளிவாகச் சொன்னார். குளோரோகுயின் மூன்று நாள். அது ரத்தத்தில் இருக்கிற கிருமியைக் கொல்லும். பிரிமாகுயின் பதினான்கு நாள். அது கல்லீரலில் தூங்குகிற கிருமிக்கு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்களுக்குப் பிரிமாகுயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும் என்பதால் அதையும் சோதித்த பிறகே கொடுத்தார். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது தரக் கூடாத மருந்து என்றும் சொன்னார். "காய்ச்சல் நாலாம் நாள் போயிடும். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

காய்ச்சல் நான்காம் நாள் போய்விட்டது. ஆறாம் நாள் தம்பி, வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தினான். எட்டு நாள் மாத்திரை மீதி. அட்டையை எடுத்து அலமாரியில் வைத்தவன் நான்தான். "அதான் சரியாயிடுச்சே" என்று சொன்னதும் நான்தான்.

மூன்று மாதம் கழித்து, வேறொரு நாள் காலை பதினோரு மணிக்குக் கட்டில் ஆடியது. இந்தத் தடவை உன் கடி தேவைப்பட்டிருக்காது. நீ என்றைக்கோ விட்டுப்போன கிருமி அவன் கல்லீரலில் சத்தமில்லாமல் படுத்திருந்து, நாங்கள் மறந்த பிறகு எழுந்து வந்துவிட்டது. காத்திருக்கத் தெரிந்த கிருமியையும் பதினான்கு நாள் பொறுக்கத் தெரியாத எங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கூசுகிறது. வைவாக்ஸ் என்பதால் தம்பி பிழைத்தான் என்றே நினைக்கிறேன். அதே இடத்தில் பால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியாக் கிருமி இருந்திருந்தால், நாங்கள் மெடிக்கல் கடைக்கு நடந்த ஆறு நாளில் அது மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ போய்ச் சேர்ந்திருக்கலாம். அதற்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் காப்பாற்றும். நேரத்தைத்தான் நாங்கள் கடையில் செலவழித்தோம்.

எங்கள் வீட்டோடு போகிற கதை என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். நாடே இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது, நீயும் அதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறாய்.

1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் உன் இனத்தில் ஒருத்தியின் வயிற்றைக் கீறி, உள்ளே மலேரியாக் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார். உன் குட்டு அன்றே உடைந்தது. மருந்தோ அதற்கும் முன்னால் வந்துவிட்டது. நீலகிரியில் நடுவட்டத்துப் பக்கம் 1860களிலேயே சிங்கோனா நட்டு வளர்த்து, அதன் பட்டையிலிருந்து கொய்னா எடுத்தார்கள். ஆக, யார் கொண்டு வருகிறார்கள், எதைக் கொடுத்தால் தீரும் என்ற இரண்டும் தெரிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுதந்திரம் வந்த 1947இல் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவில் படுத்ததாகவும், எட்டு லட்சம் பேர் செத்ததாகவும் மதிப்பிட்டார்கள். 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். 1958இல் ஒழிப்புத் திட்டம் என்றே பெயரை மாற்றினார்கள். 1960களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். ஏழரைக் கோடி எங்கே, ஒரு லட்சம் எங்கே! அந்த ஊழியர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அதன்பிறகு கை தளர்ந்தது. டிடிடி சரியான நேரத்துக்கு வரவில்லை. பணம் குறைந்தது. மருந்து அடித்ததெல்லாம் கிராமத்தில்தான். நகரத்துத் தொட்டிகளும் கிணறுகளும் உன் கையில் விடப்பட்டிருந்தன. நீ அவற்றைப் பொன்போல் போற்றினாய். டிடிடியைத் தாங்கவும் உன் இனத்தார் பழகிக்கொண்டார்கள். 1976இல் அறுபத்து நாலு லட்சம் பேருக்கு மலேரியா வந்தது. முடிந்துவிட்டது என்று நாங்கள் எழுந்து போன பிறகும், முடியவில்லை என்று நீ ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாய்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே பாடம். அங்கே வேலை பார்த்தவள் உன் உடன்பிறப்பு, அனாபிலஸ் கியூலிசிபேசிஸ். 1934இல் மழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகளெல்லாம் குட்டை குட்டையாகத் தேங்கின. ஆறு வற்றியதே என்று சனங்கள் அழுதபோது அவள் அந்தக் குட்டைகளைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த ஆண்டுக்குள் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் செத்தார்கள். பிறகு அங்கும் டிடிடி வந்தது. 1963இல் நாடு முழுக்க மலேரியா கண்டவர்கள் பதினேழு பேர். பதினேழே பேர்! ஒரு பேருந்தில் உட்கார வைத்தால் இடம் மீதி இருக்கும். மருந்து தெளிப்பதை நிறுத்தினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். அந்தப் பதினேழு பேரையும் அற்பம் என்று நினைக்காதவள் உன் உடன்பிறப்பு மட்டும்தான். 1968, 69இல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள்.

ஆனால் இலங்கைக்காரர்கள் பட்டதை மறக்கவில்லை. அவர்களை நான் வாய் நிறையப் பாராட்டுகிறேன். உள்நாட்டுப் போர் நடந்த வடக்கு, கிழக்கு மாவட்டங்களுக்குள்ளும் மருந்தும் வலையும் போய்ச் சேர்ந்தன. நடமாடும் மருத்துவக் குழுக்கள் காய்ச்சல்காரர்களைத் தேடிப் போய் ரத்தம் எடுத்தன. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லாமல் மூன்று ஆண்டுக்கு மேல் கடந்தார்கள். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. சான்று வாங்கிய பிறகும் அவர்கள் கலைந்து போகவில்லை. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவருக்கு ரத்தம் பார்க்கிறார்கள், கொசுவைத் தேடுகிறார்கள். அப்படித் தேடியதால்தான் நீ மன்னாரில் வந்து இறங்கியிருக்கிறாய் என்பது 2017இல் தெரிந்தது. அதுவரை நீ அந்தத் தீவில் இல்லாதவள். வந்த வேகத்தில் கிணறுகளைக் கண்டுபிடித்துவிட்டாய். சான்றிதழ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நாட்டுக்கு நீ வருவதும், வந்ததை அவர்கள் கண்டுபிடிப்பதும், இரண்டுமே மெச்சத்தக்கவை.

நீ போன ஊர்கள் இன்னும் உண்டு. ஆப்பிரிக்காவில் ஜிபூட்டி என்ற சின்ன நாட்டில் 2012இல் உன்னைப் பார்த்தார்கள். அந்த வருஷம் அங்கே மலேரியா இருபத்தேழு பேருக்கு. 2020இல் எழுபத்து மூவாயிரத்துக்கு மேல். அங்கும் நகரம், அங்கும் தண்ணீர்த் தொட்டி. நம் ஊரில் கற்ற பழக்கத்தை நீ போன இடத்திலெல்லாம் கைவிடாமல் காப்பாற்றுகிறாய்.

தமிழ்நாட்டில் இப்போது மலேரியா வருவது ஆண்டுக்குச் சில நூறு பேருக்கு. இந்தியா முழுவதும் 2015இல் பதினோரு லட்சத்துக்கு மேல் இருந்தது, 2023இல் இரண்டேகால் லட்சமாகக் குறைந்திருக்கிறது. 2030க்குள் அடியோடு ஒழிப்பதாக நாடு சொல்லியிருக்கிறது. நல்ல செய்தி என்றுதான் நானும் படித்தேன். படித்து முடித்ததும் ஒரு லட்சமாகக் குறைந்த 1965ஆம் வருஷமும் இலங்கையின் அந்தப் பதினேழு பேரும் நினைவுக்கு வந்தார்கள். எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது எங்களுக்கு ஊக்கம் தானாக வருகிறது. சிறிதாகும்போதுதான் கொட்டாவி வருகிறது. உனக்கு மட்டும் கோடியும் ஒன்றுதான், பதினேழும் ஒன்றுதான்.

இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் அடுக்குமாடி எழும்புகிறது. வேலை செய்கிறவர்கள் வடக்கிலிருந்து வந்த பையன்கள். தகரக் கொட்டகையில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். வலை கிடையாது, மின்விசிறி பாதிப் பேருக்குக் கிடையாது. லிப்ட்டுக்குத் தோண்டிய குழியில் முழங்கால் அளவு தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது. அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு நாள் கூலி போகுமே என்று சொல்லாமல் வேலைக்கு ஏறுவான். தெருவில் யாருக்கும் அவர்களில் ஒருவன் பெயரும் தெரியாது. நோய் வந்தால் மட்டும் "அவங்க ஊர்லேந்து கொண்டு வந்துட்டாங்க" என்போம். நீ அப்படி ஆள் பார்ப்பதில்லை. ராத்திரி கொட்டகைக்குள்ளும் போகிறாய், எங்கள் குளிர்சாதன அறையின் கதவிடுக்கிலும் வருகிறாய். அவன் ரத்தமும் என் தம்பி ரத்தமும் உனக்கு ஒன்றாகவே இருக்கிறது. அந்தக் கொட்டகைக்கு ஆளுக்கொரு வலை வாங்கிக் கொடுப்பதும், காய்ச்சல் வந்தால் கூலி பிடிக்காமல் பரிசோதனைக்கு அனுப்புவதும் கட்டடக்காரர் கடமை. செய்யவில்லை என்றால் கேட்பது தெருக்காரர்களாகிய எங்கள் கடமை. இதுவரை நாங்கள் கேட்டதில்லை.

கொசுப்புழு பார்க்கும் அந்த அக்கா ஒரு நாளைக்கு எத்தனையோ வீட்டு மாடி ஏறுகிறார். பாதி வீட்டில் கதவைத் திறப்பதில்லை. திறந்தாலும் "அப்புறமா வாங்க", "எங்க தொட்டியெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்ற பதில்தான். இரண்டு வருஷமாக நானும் அதே பதிலைச் சொல்லி அனுப்பியவன். உன்னைப் போலவே அலுக்காமல் வீடு வீடாகப் போகிற ஒரே மனுஷி அவர்தான். உன்னை எதிர்த்து நிற்க எங்கள் தெருவில் தகுதியுள்ள ஆளும் அவர் ஒருவர்தான்.

அன்று தொட்டியை வடித்துக் கழுவினோம். மறுநாள் மூடி வாங்கி வந்தேன். நிரம்பி வழியும் குழாய் வாய்க்கும் கொசுவலைத் துணியை மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அக்கா அடுத்த வாரம் வந்து பார்த்துவிட்டு, "இப்படியே வெச்சுக்குங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே கதவு திறக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களே, நாளைக் காலை உங்கள் மொட்டைமாடிக்கு ஒரு தடவை ஏறிப் பாருங்கள். அந்த அக்கா வந்து மணி அடித்தால் கதவைத் திறந்துவிடுங்கள்.